கைப்பிடிக்குள் இருந்த கை

கைப்பிடி உடைந்தபோது அம்சாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. பயம் அப்புறம்தான் வந்தது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், கடைகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் அவளுடைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் கொட்டகை இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நடுவில் ஒரே ஒரு மிஷின். மேலே இருக்கும் தொட்டியில் தோலோடு மல்லாட்டையைக் கொட்டினால் கீழே பருப்பு வேறு, தோல் வேறாக வந்து விழும். தொட்டியின் வாயைத் திறந்து மூடுவதற்குப் பக்கவாட்டில் ஒரு நீளமான கைப்பிடி உண்டு. மிஷின் ஓடுகிற நேரமெல்லாம் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் உள்ளே நெரிசலாகிப் பருப்பு பிளந்துவிடும். பிளந்த பருப்பை எண்ணெய்க்குப் போடலாம், விதைக்கு ஆகாது. மார்கழிப் பட்டத்துக்கு விதை உடைக்க வருகிறவர்கள் வேறெதையும் பார்ப்பதில்லை. முழுப் பருப்பு எவ்வளவு விழுகிறது என்று மட்டும்தான் குனிந்து பார்ப்பார்கள்.

அவள் புருஷன் சக்கரபாணி பிடித்தால் முழுசு முழுசாக விழும். செஞ்சிப் பக்கத்திலிருந்துகூட மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். சக்கரபாணி கை என்றே அதற்குப் பேர்.

அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சோற்றில் கை வைத்தவன் அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். உடம்பு முழுவதும் துவண்டு கிடக்க, வலது கை மட்டும் அம்சாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. உயிர் போன பிறகும் பிடி விடவில்லை. நர்ஸ் ஒருத்தி வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவள் கையை எடுத்துவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள், "எம்மாம் பாசம் பாரு அந்த மனுசனுக்கு" என்று மூக்கைச் சிந்தினாள். அந்தப் பிடி அம்சாவுக்குப் பழகிய பிடி. கோபம் வந்தாலும் அவன் அடிக்கிறவன் இல்லை, பிடிக்கிறவன். பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நல்லது கெட்டதுக்குப் போகும்போது தடம் தெரியாமல் மணிக்கட்டு வரை இறங்கும் ரவிக்கையாகத் தைத்துப் போட்டுக்கொண்ட வருஷங்கள் அவளுக்கு உண்டு.

அவன் போனபிறகு மிஷினை அவளே ஓட்டினாள். ஆனால் அந்தக் கைப்பிடியை வெறும் கையால் தொட்டதில்லை. இரும்புக் கரத்தில் செருகிய மரப்பிடி அது. இருபது வருஷம் அவன் பிடித்துப் பிடித்து மரம் குழிந்திருந்தது. அவள் அதன்மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். துண்டுக்கு மேலே பிடிக்கும்போது உள்ளே ஓட்டம் கைக்குத் தெரியாது. பருப்பு பிளந்தது. வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் கூட்டேரிப்பட்டுப் பக்கம் வேறு மிஷினுக்குப் போய்விட்டார்கள். அதற்கும் அவள் துண்டை அவிழ்க்கவில்லை.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் இரும்புக் கரம் மிஷினோடு சேருகிற இடத்தில் முறிந்து, கைப்பிடி துண்டும் கயிறுமாக அவள் காலடியில் விழுந்தது. விட்டது என்று ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சில் விதை உடைக்கிற காலம் நினைவுக்கு வந்தது. இந்த ஒரு மாதத்து ஓட்டத்தில்தான் மற்ற மாதங்கள் நடக்க வேண்டும்.

மகள் கலைப்பிரியா விழுப்புரத்தில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். தினமும் ரயிலில் போய் வருகிறவள். உடைந்ததைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், அங்கே லேத்துப் பட்டறைகளில் காட்டிவிட்டு சாயங்காலம் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள்.

"இன்னாடி, முடியாதுன்ட்டாங்களா?"

"மிஷின் பண்ண கம்பெனியே இப்ப இல்லையாம்மா. ஒத்தை பீசுக்குன்னு தனியா செட் பண்ண முடியாதாம். அம்பது பீசு வேணும்னா வான்றாரு."

"அம்பது கைப்பிடிய வெச்சிக்கினு நான் இன்னா கோலாட்டமா ஆடப் போறேன்?"

கலைப்பிரியா சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அப்பா இருந்த காலத்துப் பழக்கம், இன்னும் போகவில்லை.

"ஆன்லைன்ல போடலாம்மா. எங்க ப்ராஜெக்டுக்கு அப்படித்தான் பண்ணோம். பொருளோட உருவத்த ஏத்துனா போதும், ஒரு பீசுன்னாலும் பண்ணிக் குடுப்பாங்க. வெலைய அங்கியே உடனே காட்டும்."

"யாரு பார்த்து வெல சொல்லுவா?"

"யாரும் பாக்கத் தேவையில்ல. கம்ப்யூட்டரே பார்த்துக்கும்."

"கேட்டா பதில் சொல்லவாவது ஆள் இருக்கா?"

"அவங்க கேட்டாத்தான. ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கலைப்பிரியா அடுத்த நாள் கல்லூரிக்குப் போகவில்லை. கொட்டகை வாசலில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து ஒரு ஸ்டூலைப் போட்டாள். கயிற்றை அறுத்துத் துண்டை உரித்தாள். முறிந்த பாகத்தைப் பசை போட்டு ஒட்டி, கைப்பிடியை ஸ்டூலின் மேல் நிற்க வைத்தாள். மரம் எண்ணெய் ஏறிப் பளபளவென்றிருந்தது. பளபளப்பு இருந்தால் போனில் சரியாக விழாது என்று முகத்துக்குப் போடுகிற பவுடரை எடுத்துத் தூவினாள்.

பவுடர் குழிகளில் போய் உட்கார்ந்தது. அதுவரை கறுப்பாக, வெறும் மரமாக இருந்த இடத்தில் நான்கு விரல்களும் உள்ளங்கையும் வெள்ளையாகத் தெரிந்தன. கட்டைவிரல் இருந்த இடம் மட்டும் மற்றதைவிட ஆழமாக இருந்தது.

அம்சா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கலைப்பிரியா போனைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தாள். கோயிலில் சுற்றுகிற மாதிரி இருந்தது பார்க்க. மத்தியானத்துக்குள் லேப்டாப் திரையில் ஒரு சாம்பல் நிறக் கைப்பிடி அந்தரத்தில் நின்று தானாகச் சுழன்றது. ஏற்றிக் கைகூட எடுக்கவில்லை, விலை வந்துவிட்டது. எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டது.

"அலுமினியத்துல போடறேம்மா. கரமும் பிடியும் ஒரே துண்டா வந்துடும். இனிமே உடையாது."

"உடையவே உடையாதா?"

"நம்ம காலத்துக்கு உடையாது."

அம்சா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் கொடுத்திருந்தால் அந்த மனுஷர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்திருப்பார். ஏன் இப்படிக் குழிந்திருக்கிறது, நிரவி நேராக்கிக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருப்பார். அப்போது அவள் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். இங்கே கேட்க யாருமில்லை. கேட்காத இடத்தில் தானாகச் சொல்ல அவளுக்கு இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் கலைப்பிரியா பட்டனை அழுத்திவிட்டாள்.

பார்சல் வந்தபோது மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அட்டைப் பெட்டிக்குள் பஞ்சு மாதிரியான மெத்தையில் கைப்பிடி படுத்திருந்தது. புத்தம் புதுசு. அம்சா வலது கையை நீட்டி எடுத்தாள். எடுத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

விரல்கள் தேடவே இல்லை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் இறங்கின. கட்டைவிரல் ஆழமான குழியில் சறுக்கி உட்கார்ந்தது. உலோகம் சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். இதமாக இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்திருந்து கொடுத்துவிட்டுப் போன மாதிரி.

கலைப்பிரியாவும் அதைப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"அய்யோ, தேஞ்ச எடத்தையெல்லாம் நெரவிட்டுத்தாம்மா ஏத்தியிருக்கணும். எங்க லேபுல மொதப் பாடமே அதுதான். தேஞ்ச பொருள அளவெடுத்தா தேய்மானமும் சேர்ந்து வந்துடும்னு சொல்லுவாங்க. அவசரத்துல மறந்துட்டேன். திருப்பி அனுப்பிடலாமா?"

"நம்ம அளவுக்குப் பண்ணத எப்படி வாங்கிக்குவான்? மாட்டு. பச்சைமுத்து மாமா மூட்டைய எறக்கிட்டாரு."

பச்சைமுத்து பக்கத்து ஊர் விவசாயி, சக்கரபாணிக்கு ஒன்றுவிட்ட உறவு. வாய் ஓயாதவர். வேறு மிஷினுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டே ஒவ்வொரு வருஷமும் இங்கேயே வருகிறவர். மிஷின் ஓடத் தொடங்கியதும் குனிந்து ஒரு கை பருப்பை அள்ளினார். இன்னொரு கை அள்ளினார். ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

"அடி ஆத்தாடி! சக்கரபாணி கை திரும்பி வந்துடுச்சேம்மா!"

"புதுக் கைப்பிடி மாமா. அதான்."

"கைப்பிடியா ஓட்டுது? கைதான ஓட்டுது. இம்மாம் நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்த?"

அந்த வாரமே போனவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். கொட்டகை வாசலில் டாட்டா ஏஸ் வண்டிகள் நின்றன. அம்சா காலையிலிருந்து சாயங்காலம் வரை கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். துண்டு இல்லாமல் பிடித்தபோது உள்ளே ஓடுகிற ஒவ்வொரு காயும் உள்ளங்கையில் தெரிந்தது. எப்போது தளர்த்த வேண்டும், எப்போது இறுக்க வேண்டும் என்று அவள் நினைப்பதற்கு முன்பே கை செய்துவிட்டது. அதில் ஒரு சுகம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. தன் கை இவ்வளவு நிச்சயமாக எதையும் பிடித்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது. நிச்சயமாகப் பிடிக்கிறவனுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா, இந்தச் சுகத்துக்காகத்தான் பிடித்தானா என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதும் தொட்டியை நிமிர்ந்து பார்த்து, காய் போதவில்லை என்று சத்தம் போட்டாள்.

அடைமழையில் கொட்டகையே ஈரமாகக் கிடந்த காலைகளிலும் கைப்பிடி சூடாக இருந்தது. பக்கத்தில் ஓடுகிற மோட்டாரின் சூடு ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மோட்டார் போடுவதற்கு முன்பே அப்படி இருந்ததை நினைக்காமல் விட்டாள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனாள். வீடு கொட்டகைக்குப் பின்னாலேயே. உள்ளே போனபோது கலைப்பிரியா சுவரோரமாக எழுந்து நின்றுகொண்டிருந்தாள். போன் மடிக்கப்பட்ட போர்வைக்கு அடியில் இருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை, துடைத்து வைத்த மாதிரி.

"ஏன்டி எழுந்து நிக்கிற?"

"இல்ல... நீயா வந்த?"

"நான் வராம வேற யாரு வருவா?"

"கேட்டுல தட்டுன."

அம்சாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சக்கரபாணி வீட்டுக்கு வரும்போது இரும்புக் கேட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நுழைவான். அந்தச் சத்தம் கேட்டால் டி.வி. அணையும், பேச்சு நிற்கும், தாயும் மகளும் எழுந்து நிற்பார்கள். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் கேட்டின் துரு ஒட்டியிருந்தது. தட்டிய நினைவே அவளுக்கு இல்லை.

"கேட்டு எறுகிக்கினு இருந்துச்சி, தட்டித் தெறந்தேன்" என்றாள்.

மகள் தலையாட்டினாள். நம்பினாள் என்று தோன்றவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலும் அம்சாவுக்குத் தெரிந்ததுதான். அது அவளுடையது.

மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்னால் கலைப்பிரியா கொட்டகைக்கே வந்து சொன்னாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுக்கிறார்கள், அடுத்த வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களுக்குத் தங்க ஹாஸ்டல் உண்டு. சிநேகிதிகள் நாலு பேர் சேர்ந்து போகிறார்கள்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்சா ஒரு கையால் கைப்பிடியை அழுத்தி மூடினாள். சத்தம் அடங்கியது.

"ஓசூரா?"

"பஸ்ஸுல போனா காலைல கெளம்பி..."

சொல்லி முடிக்கவில்லை. அம்சா தன் கை நீண்டதைப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். அது மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. கத்தவில்லை, திட்டவில்லை. பிடித்துக்கொண்டு, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. கலைப்பிரியா கையை உதறவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. தன் மணிக்கட்டையே குனிந்து பார்த்துக்கொண்டு, அது முடிவதற்காகக் காத்திருந்தாள்.

காத்திருக்கிற அந்தப் பார்வைதான் அம்சாவை உலுக்கியது. கையை எடுக்க நினைத்தாள். விரல்கள் வரவில்லை. இடது கையைக் கொண்டுவந்து, வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் செய்த மாதிரியே.

மகளின் கையில் நாலு விரல் தடமும் சிவந்து கிடந்தது. கட்டைவிரல் தடம் மட்டும் மற்றதைவிட ஆழமாக இருந்தது.

"கண்ணு, நான்... நான் இல்லடி."

"தெரியும்மா" என்றாள் கலைப்பிரியா. தெரியும் என்று அவள் சொன்னது அம்சாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்றைக்கு அவள் மறுபடி மிஷினைப் போடவில்லை. வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். கைப்பிடியைக் கழற்றிவிட்டால் விதைக் காலம் போச்சு. மாட்டியிருந்தால் மகள் போச்சு. ஓசூருக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கேட்டுச் சத்தத்துக்கு எழுந்து நிற்பாள். அதற்குத் தன் கை காரணமாக இருக்கும்.

வியாழக்கிழமைக்கு முன்னால் இந்தக் கையைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அடுக்கில் கேப்பை மாவு இருந்தது. வெல்லப் பாகு ஊற்றிப் பிசைந்து பிடி கொழுக்கட்டை பிடிக்கலாம் என்று எடுத்து வைத்தது. பிடி கொழுக்கட்டைக்கு அச்சு கிடையாது. கையில் வைத்து ஒரு அழுத்து, அவ்வளவுதான். பிடித்தவள் விரல் அப்படியே அதில் நிற்கும். ஒரே தட்டில் இருந்தாலும் இது என் அம்மா பிடித்தது, இது அத்தை பிடித்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அம்சா பாகு ஊற்றாமல் மாவைக் கெட்டியாகப் பிசைந்தாள். நீளமாக உருட்டி ஒரு குச்சியில் செருகி வலது கையால் பிடித்தாள். தளர்வாக, பயமில்லாமல், தனக்குப் பிடித்தபடி. பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"இத படம் எடு. இது என் கை. இதுமாதிரி ஒண்ணு பண்ணச் சொல்லு."

கலைப்பிரியா மாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். முதல் தடவையாக வாயை மூடாமல் சிரித்தாள்.

"கொழுக்கட்டைய ஏத்துன மொத ஆளு நீயாத்தாம்மா இருப்ப."

மாவு காய்வதற்குள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். கரம் பழையதே, பிடியை மட்டும் மாற்றிச் சேர்த்தாள். திரையில் ஏற்றினாள். விலை வரவில்லை. ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பிறகு ஒரு மஞ்சள் கட்டம் வந்தது.

"இன்னா போட்டிருக்கு?"

கலைப்பிரியா அதை மறுபடி படித்துப் பார்த்தாள். "இந்தப் பொருள ஏற்கெனவே ஆர்டர் பண்ணியிருக்கீங்க, மறுபடியும் வேணுமான்னு கேக்குதும்மா."

"இது வேறயாச்சே."

"கரம் அதேதான, அதனால கன்ஃப்யூஸ் ஆயிருக்கும். இரு, நான் பாக்குறேன்."

பழையதைச் சிவப்பாகவும் புதியதைப் பச்சையாகவும் வைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள். இரண்டும் சேர்ந்து ஒரே பழுப்பு நிறமாகிவிட்டன. சிவப்பு தனியாகத் தெரியவில்லை. பச்சையும் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தாள், தலைகீழாக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் குழிக்குள் கட்டைவிரல் குழி நின்றது.

அம்சா மாவைக் கையில் எடுத்தாள். அது அவள் பிடித்ததுதான். அவள் விரல் ரேகைகூட அதில் இருந்தது. இத்தனை நாள் அந்தக் குழிகளுக்குள் இருந்ததால் கை இப்படி ஆயிற்றா, அல்லது அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே, அவன் பிடித்துப் பிடித்து, பிடிக்கப்பட்ட கையும் பிடிக்கிற கை மாதிரியே வளைந்துவிட்டதா? அவளுக்குத் தெரியவில்லை. மாவை அப்படியே நசுக்கினாள். நசுங்கியதிலும் அதே தடம் விழுந்தது.

"அந்தப் பழைய படத்த அழிச்சிடுடி."

"நம்ம பக்கத்துல அழிச்சிடலாம். அவங்ககிட்ட இருக்கும்மா. எப்ப கேட்டாலும் பண்ணிக் குடுக்கறதுக்கு."

அதாவது எங்கேயோ, யாரும் பார்க்காத இடத்தில், அந்தக் கை இருக்கும். யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம். திரையில் மஞ்சள் கட்டம் இன்னும் பதிலுக்காக நின்றது.

அம்சா எழுந்து போய்க் கை கழுவினாள். கழுவும்போதுதான் அது கண்ணில் பட்டது. இடது கை. மகளின் மணிக்கட்டிலிருந்து விரல்களைப் பிரித்தெடுத்த கை. சக்கரபாணி எப்போதும் பிடித்தது வலது மணிக்கட்டைத்தான். இடது கையை அவன் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. யார்தான் நினைக்கிறார்கள்? அந்தக் கையால் கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது, நல்ல காரியத்தில் நீட்டக்கூடாது. பிறந்ததிலிருந்து ஒதுக்கி வைத்த கை.

புதிதாக மாவு பிசைந்தாள். இடது கையால் பிடித்தாள்.

தடம் ஆழமில்லாமல், கோணலாக, சின்னதாக விழுந்தது. ஒரு சின்னப் பெண் பயந்து பயந்து பிடித்த மாதிரி இருந்தது. இது யார் என்று அம்சாவுக்கே தெரியவில்லை. ஏற்றியவுடன் திரை விலையைக் காட்டியது. கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"போடட்டாம்மா?"

"போடு. மிஷினுக்கு அந்தாண்டப் பக்கம் மாட்டற மாதிரி மாத்திப் போடு."

சீக்கிரம் வேண்டுமென்று கூடுதலாகக் கட்டியதால் வியாழக்கிழமைக்கு முதல் நாள் காலை பார்சல் வந்துவிட்டது. கலைப்பிரியா அதை மறுபக்கத்தில் மாட்டிக் கொடுத்தாள். பழையதைக் கழற்றிப் பெட்டியில் போட்டு ஒட்டினாள். பெட்டியைத் தூக்கும்போது கையை மாற்றி மாற்றிப் பிடித்தாள்.

"சுடுதாடி?"

"இல்லையே" என்றாள் அவசரமாக. பழைய இரும்புக் கடையில் போட்டு உருக்கச் சொல்லிவிட்டு அப்படியே பஸ் டிக்கெட் பார்த்து வருவதாகக் கிளம்பினாள்.

பச்சைமுத்து மிச்ச மூட்டைகளோடு வந்து காத்திருந்தார். அம்சா எதிர்ப்பக்கம் போய் நின்று இடது கையை வைத்ததைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? பீச்சாங்கையால தொடங்குற? வெதம்மா இது, வெத!"

"சோத்தாங்கை சரியில்ல மாமா."

"சரியில்லன்னா ரெண்டு நாள் செவனேன்னு இரு, அப்புறமா ஓட்டு. வெளயுமா இது?"

"வெளையலன்னா எங்கிட்ட வந்து கேளு மாமா. இப்ப ஜல்தியா கொட்டு, மழை வருது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கொட்டினார். மிஷின் ஓடியது. இடது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. தடுமாறியது, தாமதித்தது. கைப்பிடி சில்லென்று, வெறும் உலோகமாக இருந்தது. பருப்பு பிளந்தது. பச்சைமுத்து இரண்டு மூட்டையோடு போதும் என்று மிச்சத்தை வண்டியில் ஏற்றினார். "அவன் கை இருந்துச்சி, அதையும் தொலைச்சிட்ட. பேஜாரு பண்றியேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாளைக்கு இது ஊர் முழுக்கப் போய்விடும். போகட்டும். பிளக்கிற ஒவ்வொரு சத்தமும் அவளுக்குக் கேட்டது. அதெல்லாம் அவள் பிளந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் குறைந்துகொண்டும் வந்தது.

மற்றவர்கள் ஏற்கெனவே இறக்கிப் போட்டிருந்த மூட்டைகளை ஓட்டிக்கொண்டே எதேச்சையாக எதிரே பார்த்தாள். அவன் இருபது வருஷமும் அவள் இரண்டு வருஷமும் நின்ற இடம். காலையில் அவளே அங்கே பெருக்கித் தள்ளியிருந்தாள். இப்போது தரை முழுவதும் தோல் தூசி செம்மண் மாதிரிப் படிந்திருந்தது. கைப்பிடி இருந்த இடத்துக்குக் கீழே மட்டும் படியவில்லை. அங்கே இரண்டு பாதங்கள் அளவுக்குச் சிமெண்டுத் தரை சுத்தமாகத் தெரிந்தது.

அம்சா பார்வையை எடுத்துக்கொண்டாள். இடது கை பிடியை விடவில்லை.

கலைப்பிரியா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். எப்போதும் அம்மா நிற்கிற இடத்தை நோக்கி நேராக நடந்தாள். பழகிய கால்.

"அந்தப் பக்கம் போவாத."

"ஏம்மா?"

"இப்படிச் சுத்தி வா. எங்கிட்ட வா."

மகள் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். எதைப் பார்த்தாள் என்று சொல்லவில்லை. வாசல் பக்கமாக அகலமாகச் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் வந்து நின்றாள். மணிக்கட்டில் தடம் மஞ்சளாக மங்கியிருந்தது. மிஷினின் இரைச்சலில் குனிந்து, "காலைல அஞ்சரைக்கு பஸ்ஸும்மா" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

அம்சா வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அதை வெளியே எடுக்கவில்லை.

"சரி, போய்ட்டு வா" என்றாள். "கேட்டு சாவிய நீயே எடுத்துக்கினு போ. திரும்பி வந்தா தட்டாத, தெறந்துக்கினு வா."

கலைப்பிரியா குனிந்து ஒரு கை பருப்பை அள்ளினாள். பாதி பிளந்து, பாதி முழுசாக இருந்தது. முழுசாக இருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.